காதுக்கல்

மீனின் காதுக்குள் ஒரு கல் இருக்கிறது.
காட் மீனுக்கு அது அவரைக்கொட்டை அளவு.
கோடைக்கொரு வெளிர் வளையம்,
குளிர்காலத்துக்கொரு இருள் வளையம்.
பதினோரு வருடம் அதைத்தான் எண்ணினேன்,
தோர்ஷாவ்ன் துறைமுகத்துக்கு மேலே
ஜன்னலில்லாத ஓர் அறையில்.

பிசினில் புதைத்து,
வைர வாளால் குறுக்கே அறுத்து,
கண்ணாடித் துண்டில் ஒட்டி, விளக்கின்மேல் வைத்து
ஒன்று, இரண்டு, மூன்று...
ஆறாவது குளிர்காலத்தில்
எப்போதும் ஒரு சந்தேகம்.

ஆய்வுக் கட்டுரையில் நான் இல்லை.
அறுக்கப்பட்டது. அளக்கப்பட்டது.
ஒப்பிடப்பட்டது. கண்டறியப்பட்டது.
இத்தனை பட்டதில்
பட்டவள் யாரென்று ஒரு வரி கிடையாது.
கடைசிக் கட்டுரையை
முப்பத்தேழு முறை திறந்திருக்கிறார்கள்.
அதில் ஒன்பது முறை நான்.

போகிறேன் என்று சொன்ன அன்று
ஹியால்மர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"எழுதப் போகிறாயா?
இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தோம்?"
நல்ல கேள்வி. பதில் இன்னும் கைவசம் இல்லை.
பெய்ந்தா மட்டும் என் கோப்பையைக் கழுவிப்
பைக்குள் வைத்தாள்.
தேய்த்தும் போகாத காபிக் கறை
உள்ளே வளையம் வளையமாய்.
இருவருமே எண்ணவில்லை.

வாரப் பத்திரிகையில் துரோந்துர்
என் முதல் கட்டுரையைச் சிவப்பு மையில் குளிப்பாட்டினான்.
"இதைப் படிக்கிறவள் பேருந்துக்கு நிற்கிறாள்.
பக்கவாட்டில் மழை அடிக்கிறது.
ஒரு கையில் குழந்தை.
உனக்கு ஒரு வாக்கியம் தருவாள்,
அதற்குள் மீனைக் காட்டு."
காட்டினேன்.
'தொண்ணூற்றைந்து விழுக்காட்டு நம்பக இடைவெளி' போயிற்று.
அந்த இடத்தில் 'அநேகமாக' வந்து உட்கார்ந்தது.
அதையும் அடித்தான்.
நான் திரும்ப எழுதினேன்.
ஒரு சொல்லுக்கு
நாலு மணியிலிருந்து ஆறரை வரை சண்டை.
அவன் எழுந்து காபி போட்டபோதுதான் தெரிந்தது
நான் ஜெயித்துவிட்டேன் என்று.
சம்பளத்தைப் பற்றிப் பேச
அன்றைக்கு நேரமில்லாமல் போயிற்று.

எண் ஒன்றைச் சரிபார்க்கப் பெய்ந்தாவை அழைத்தால்
"இதை எழுதிவிடுவாயா?" என்கிறாள்.
பதினோரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவள்
வாக்கியங்களைக் கையுறை போட்டு
ஒவ்வொன்றாய் எடுத்துத் தருகிறாள்.
கோபமில்லை.
அவள் இடத்தில் நானும் கையுறை தேடியிருப்பேன்.

மூன்றாம் வாரம் தப்புச் செய்தேன்.
படத்திலிருந்த கல்லுக்கு ஏழு வயது என்று எழுதினேன்.
கிளாக்ஸ்விக் மீன் ஆலையிலிருந்து ஒரு குரல்,
பின்னால் இயந்திர இரைச்சல்:
"எண்ணிப் பார்த்தேன், எட்டு வருதே?"
பெயர் சுன்வோர். தலை வெட்டும் பிரிவு.

ஆய்வகத்தில் ஒரு வளையம் தவறினால்
சராசரிக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளும்.
இங்கே மறுவாரம் மூன்று வரி, என் பெயரோடு:
ஏழு என்று அச்சானது எட்டு என்றிருக்க வேண்டும்.
அன்றிரவு படத்தை எடுத்துவைத்து எண்ணினேன்.
எட்டுதான்.
நான் விட்டது அதே ஆறாவது குளிர்காலம்.
காது சுட்டது.
முப்பத்தேழு பேரில் ஒருவர்கூட
ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லையே
என்றும் தோன்றியது.

நேற்று சுன்வோர் நேரிலேயே வந்தாள்,
இரண்டு கடலடிச் சுரங்கம் தாண்டி.
தீப்பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் இரண்டு கல்.
"இதுக்கு என்ன வயசு?"

என்னிடம் வாள் இல்லை, பிசின் இல்லை,
அடியில் வைக்க விளக்கும் இல்லை.
ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
இந்த அறைக்கு ஜன்னல் உண்டு.
கல்லில் ஒன்றும் தெரியவில்லை.
அதன் ஓரத்தில் துறைமுகம் தெரிந்தது,
ஒரு படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"அறுக்காமல் சொல்ல முடியாது" என்றேன்.
"அப்போ வேண்டாம்."
பெட்டியை மூடப் போனாள்.

"இருங்கள்" என்றேன்.
நோட்டைத் திறந்தேன்.
"தலைக்குள் விரலை விட்டபோது
கைக்கு முதலில் எது தட்டுப்பட்டது?"